கடலில் புதிதாக உறையும் ஐஸை ரேடார் செயற்கைக்கோள் எப்படிக் கண்டுபிடிக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துருவக் கடல்களின் ரேடார் படங்களைப் பார்த்து ஐஸை வகைபிரிப்பது என் வேலை. ஊர்ப்பக்கம் வந்தால் பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், வள்ளியூர் என்று யாராவது பள்ளியிலோ கல்லூரியிலோ பேசக் கூப்பிடுவார்கள். பேச்சு முடிந்ததும் வரும் கேள்விகள் பெரும்பாலும் பேச்சைவிட நன்றாக இருக்கும். திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். சிலவற்றைக் கேட்டவர் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன்.

வெயிலுக்குப் பேர்போன ஊரில் உட்கார்ந்துகொண்டு துருவத்து ஐஸைப் பற்றி எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும்?

கட்டாயம் ஒன்றும் இல்லை. ஆனால் அண்டார்டிகாவில் நமக்கு மைத்ரி, பாரதி என்று இரண்டு ஆய்வு நிலையங்கள் இருக்கின்றன. ஆர்க்டிக்கில், நார்வேயின் ஸ்வால்பார்டு தீவில், 2008 முதல் ஹிமாத்ரி இருக்கிறது. அண்டார்டிகாவுக்குச் சாமான் ஏற்றிப் போகும் கப்பல் கடல்பனியைத் தாண்டித்தான் கரையை நெருங்க வேண்டும். அப்புறம், இந்த ஐஸைப் பார்க்கும், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த நைசார் என்ற ரேடார் செயற்கைக்கோளை 2025 ஜூலை 30 அன்று ஏற்றிச் சென்றது ஜிஎஸ்எல்வி ராக்கெட். அந்த ராக்கெட்டின் எஞ்சின்களை எரித்துச் சோதிக்கும் இடம் நம் மகேந்திரகிரி. பணகுடிப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் புதிதல்ல.

'துருவத்து ஐஸ் குறைந்தால் நம்ம ஊர் மழை என்ன ஆகும்?' என்று அடுத்த கேள்வி உடனே வரும். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. நடுவில் ஒரு பெருங்கடலும் ஒரு காற்று மண்டலமும் கிடக்கின்றன.

உப்புத் தண்ணீர் எப்படி உறையும்?

உறையும், கூடுதல் குளிர் வேண்டும், அவ்வளவுதான். நல்ல தண்ணீர் 0 டிகிரி செல்சியஸில் உறைகிறது. கிலோவுக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீர் சுமார் மைனஸ் 1.8 டிகிரியில் உறையத் தொடங்கும். மீன்பிடித் துறைமுகங்களில் பார் ஐஸ் போடும் பேக்டரியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். தொட்டியில் இருக்கும் கடும் உப்புக் கரைசல் பூஜ்யத்துக்கு வெகு கீழே குளிர்ந்தும் திரவமாகவே நிற்கும். அதில் இறக்கிய கேன்களுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர் மட்டும் பாராக இறுகிவிடும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நன்னீர் 4 டிகிரியில்தான் மிகவும் கனமாக இருக்கும். பாபநாசம் அணை என்றைக்காவது அந்த அளவுக்குக் குளிர்ந்தால், 4 டிகிரிக்குக் கீழே போன நீர் லேசாகி மேலேயே மிதக்கும், மேற்பரப்பு சீக்கிரம் உறைந்துவிடும். கடல்நீர் அப்படி இல்லை. உறையும் புள்ளி வரைக்கும் அது கனத்துக்கொண்டே போகும். மேலே குளிர்ந்த நீர் கீழே இறங்கும், கீழே இருந்த வெதுவெதுப்பான நீர் மேலே வரும், அதுவும் குளிர்ந்தாக வேண்டும். இப்படிப் பல மீட்டர் ஆழத்துக்குக் கடல் ஒட்டுமொத்தமாகக் குளிர்ந்த பிறகே முதல் படிகம் தோன்றும். குளிர்காலம் தொடங்கி வெகு நாள் கடல் திறந்தே கிடப்பது இதனால்தான். ஆனால் அந்த வேலை முடிந்துவிட்டால், காற்று ஓய்ந்த ஒரே இரவில் கண்ணுக்கெட்டிய தூரம் மூடிக்கொள்ளும். நேற்றுப் பார்த்த படத்தை நம்பி இன்று கப்பலை விட முடியாது.

உப்பு எங்கே போகிறது? ஐஸ் படிகத்துக்குள் உப்புக்கு இடமில்லை. பெரும்பகுதி கீழே உள்ள கடலுக்குள் வடிந்துவிடும். மிச்சம் படிகங்களுக்கு நடுவே சின்னச் சின்ன உப்புநீர்ப் பைகளாகச் சிக்கிக்கொள்ளும். புதிதாக உறைந்த ஐஸில் கிலோவுக்குப் பத்துக் கிராமுக்கு மேலும் உப்பு இருக்கலாம். ஒரு குளிர்காலம் கடந்த ஐஸில் ஐந்து கிராம் அளவுக்கு இறங்கிவிடும். பல கோடைகளைத் தாண்டிய பழைய ஐஸின் மேற்பகுதியை உருக்கிக் குடிக்கவே செய்யலாம்.

புதிய ஐஸ் என்றால் எது? ஒரே மாதிரிதானே இருக்கும்?

10 செ.மீ. தடிமனைத் தாண்டாததைப் புதிய ஐஸ் என்று வைத்திருக்கிறார்கள். அதற்குள்ளேயே எத்தனையோ உருவங்கள். முதலில் நீருக்குள் ஊசியும் தகடுமாகப் படிகங்கள் மிதக்கும். இது ஃப்ரேசில். அவை மேலே சேர்ந்து கொழகொழவென்று ஒரு படலமாகும்போது கிரீஸ் ஐஸ். கடல் அமைதியாக இருந்தால் படலம் இறுகி, அலைக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும் மெல்லிய தகடாகிறது. அதன் பெயர் நிலாஸ். 5 செ.மீ.க்குக் கீழே அடியில் உள்ள கடல் தெரிவதால் கருத்திருக்கும், அதைத் தாண்டினால் வெளிறும். கடல் அலையடித்துக்கொண்டிருந்தால் தகடு உருவாகாது. வட்ட வட்டத் தட்டுகளாக உடைந்து, ஒன்றோடொன்று முட்டி, விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கும். இது பான்கேக் ஐஸ். ஒரு தட்டு 30 செ.மீ. முதல் 3 மீட்டர் வரை அகலம் இருக்கும். 10 முதல் 30 செ.மீ. வரை தடித்ததை இளம் ஐஸ் என்பார்கள். அதற்கு மேல் முதலாண்டு ஐஸ்.

பனிப்பாறை இந்தக் கணக்கிலேயே வராது. அது நிலத்துப் பனியாற்றிலிருந்து உடைந்து விழுந்த நன்னீர்.

கேமரா உள்ள செயற்கைக்கோள் போதாதா?

துருவத்தில் குளிர்காலம் என்றால் இரவு. ஐஸ் உருவாகும் மாதங்களில் சூரியனே இருக்காது, இருந்தாலும் மேகம் விடாது. ரேடார் தன் அலையைத் தானே அனுப்பி, திரும்பி வருவதை வாங்கிக்கொள்கிறது. இருட்டும் மேகமும் அதற்கு ஒரு பொருட்டில்லை.

கடல் தானாக உமிழும் நுண்ணலையை அளக்கும் கருவிகளும் உண்டு. 1978 கடைசியிலிருந்து கடல்பனியின் பரப்பை அநேகமாகத் தினமும் சொல்லி வருவது அவைதான். ஆனால் நெடுங்காலமாகப் பயன்படும் கட்டங்கள் 25 கி.மீ. அகலம் கொண்டவை. பாளையங்கோட்டையும் சேரன்மகாதேவியும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். மெல்லிய ஐஸை அவை குறைத்துக் காட்டுவதும் உண்டு.

ரேடார் படத்தில் கருப்பு, வெள்ளை எதைக் குறிக்கிறது?

இது ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் பிடிபடும். ரேடார் பார்ப்பது நிறத்தை அல்ல. அனுப்பிய அலையில் எவ்வளவு தன் பக்கம் திரும்பி வந்தது என்பதை மட்டுமே. செயற்கைக்கோள் நேர்கீழே பார்ப்பதில்லை, பக்கவாட்டில் சாய்ந்து பார்க்கிறது. வழவழப்பான பரப்பில் பட்ட அலை மறுபக்கம் தெறித்துப் போய்விடும், எதுவும் திரும்பாது, அந்த இடம் கருப்பு. கரடுமுரடான பரப்பு நாலாபக்கமும் சிதறடிக்கும், கொஞ்சம் திரும்பி வரும், அந்த இடம் வெளுப்பு.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை. அன்றைக்கு வானம் முழுக்க மேகம், சாதாரண செயற்கைக்கோளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. இப்படிப்பட்ட நேரத்தில் வெள்ளப் பரப்பை வரைய ரேடார்தான் கைகொடுக்கும். வயல்வெளியில் அசையாமல் நிற்கும் தண்ணீர் கருப்பாக விழும். அதே தண்ணீர் வாழைத்தோப்புக்குள் நின்றால் கதை வேறு. அலை முதலில் நீரில் பட்டு, அப்புறம் தண்டில் பட்டு, செயற்கைக்கோளுக்கே திரும்பிவிடலாம். அப்போது வெள்ளத்தில் நிற்கும் தோப்பு முன்பைவிட வெளுப்பாகக்கூடத் தெரியும். தண்ணீர் ஒன்றுதான், ரேடாருக்கு இரண்டு நிறம்.

"தம்பி, கருப்பு தண்ணி, வெள்ளை ஐஸ்னு பிரிச்சுட வேண்டியதுதானே?" (உவரியில் ஒரு படகுக்காரர் கேட்டது)

அப்படி இருந்தால் எனக்கு வேலையே இருக்காது, அண்ணாச்சி.

ஒரு கடல் பரப்பு உறையும் நாட்களை வரிசையாகப் பார்ப்போம். திறந்த கடலில் காற்றடிக்கிறது, மேலே சிற்றலைகள். ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோளில் இருப்பது சி-பேண்ட் ரேடார் (பேண்ட் என்றால் அலைவரிசை), அதன் அலைநீளம் சுமார் 5.5 செ.மீ. அது செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்வில் பார்க்கும்போது, கடலில் அதே 5.5 செ.மீ. இடைவெளியில் ஓடும் சிற்றலைகளிலிருந்து திரும்பும் அலைகள் ஒன்றுக்கொன்று வலுச்சேர்க்கும். ஆகவே காற்றடிக்கும் வெறும் கடல் வெளுப்பு.

கிரீஸ் ஐஸ் உருவானதும் அந்தச் சிற்றலைகளை அமுக்கிவிடும். பெரிய அலை அடியில் உருண்டுகொண்டே இருக்கும், மேல்சுருக்கம் மட்டும் போய்விடும். படம் கருக்கும். அதாவது ஐஸ் வந்ததால் கருப்பு. அண்ணாச்சி சொன்னதற்கு நேர் எதிர்.

அடுத்து நிலாஸ். இதுவும் வழவழப்பு, இதுவும் கருப்பு. மேலே உப்புநீர் கசிந்திருப்பதால் ரேடார் அலை உள்ளே இறங்குவதும் அரிது.

பிறகு காற்று ஐஸைவிட மிகவும் குளிர்ந்து அமைதியாக இருந்தால், நிலாஸின் மேல் உறைபனிப் பூக்கள் முளைக்கும். ஓரிரு செ.மீ. உயரம்தான் இருக்கும். கசிந்த உப்புநீரை மேலே இழுத்துக்கொள்வதால் கடல்நீரைப் போல மூன்று மடங்கு வரை உப்பு. இந்த உப்பும் கரடும் சேர்ந்து, கருப்பாக இருந்த ஐஸ் ஓரிரு நாளில் பளீரென்று வெளுத்துவிடும். மேலே பனி விழுந்து மூடியதும் மறுபடி மங்கத் தொடங்கும். பான்கேக் ஆகியிருந்தால் தூக்கிய விளிம்புகளால் ஆரம்பத்திலிருந்தே வெளுப்பு.

ஒரே ஐஸ், சில நாட்களுக்குள் கருப்பு, வெளுப்பு, நடுத்தரம் என்று மாறிவிட்டது. ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு 'இது ஐஸ்' என்று அடித்துச் சொல்வதை நான் ஏற்றுக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான். முந்தைய நாள் படம், அன்றைய காற்று, அன்றைய குளிர், இந்த மூன்றும் பக்கத்தில் இருந்தால்தான் அந்தக் கருப்புக்குப் பொருள் சொல்ல முடியும்.

காற்றில்லாத கடலும் கருப்பாகத்தானே இருக்கும்?

ஆமாம், பெரிய தொல்லையே அதுதான். நம் கடலிலேயே பார்க்கலாம். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகச் சீறி வரும் காற்று கடலில் இறங்கும் இடம் ரேடாரில் வெளுத்துக் கிடக்கும். காற்று ஓய்ந்த இடம் கருத்துவிடும். உவரிக்கு வெளியே கருப்புத் திட்டைப் பார்த்தால் அது ஐஸ் இல்லை என்று யாருக்கும் தெரியும். ஆர்க்டிக்கில் அந்தச் சலுகை இல்லை. காற்றில்லாத நீரா, நிலாஸா என்று படம் சொல்லாது. வெப்பநிலை பார்க்க வேண்டும். மேல்நீர் உறைநிலைக்கு மேலே இருந்தால் ஐஸுக்கு வாய்ப்பில்லை. முந்தைய நாட்களில் குளிர் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கணக்குப் போட வேண்டும். அடுத்த படத்தில் அந்தத் திட்டு வடிவம் மாறாமல் நகர்ந்திருக்கிறதா, காற்றோடு காணாமல் போயிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எண்ணெய்ப் படலமும் இதே மாதிரிதானே?

அதே இயற்பியல்தான். எண்ணெயும் சிற்றலையை அமுக்கும். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது நினைவிருக்கும். அந்த மாதிரி கசிவைத் தேடும் முறையும் கிரீஸ் ஐஸைத் தேடும் முறையும் அண்ணன் தம்பி. துருவக் கடலில் கப்பல் எண்ணெய் கசிந்தால் இரண்டையும் பிரிப்பது உண்மையிலேயே கஷ்டம்.

எச்.எச்., எச்.வி. என்கிறார்களே, அது என்ன?

ரேடார் அலை கிடையாக அதிரலாம், செங்குத்தாக அதிரலாம். கிடையாக அனுப்பிக் கிடையாகவே வாங்கினால் எச்.எச். கிடையாக அனுப்பிச் செங்குத்தாக வாங்கினால் எச்.வி. துருவக் கடல்களில் சென்டினல்-1 பெரும்பாலும் இந்த இரண்டையும் சேர்த்து, 400 கி.மீ. அகலத்துக்குப் படம் எடுக்கிறது. செங்குத்தாக அனுப்பிச் செங்குத்தாக வாங்குவதைவிட எச்.எச்.-இல் கடல் அலையின் இரைச்சல் குறைவு. எச்.வி.யில் இன்னும் குறைவு, காற்றுக்கு அது அவ்வளவாக ஆடாது. ஆகவே எச்.எச்.-இல் வெளுத்து எச்.வி.யில் கருத்திருந்தால் காற்றடிக்கும் கடல் என்று சந்தேகிக்கலாம். இரண்டிலும் வெளுத்திருந்தால் பழைய ஐஸோ நொறுங்கிய ஐஸோ இருக்க வாய்ப்பு.

புதிய ஐஸுக்கு வரும்போதுதான் இது கைவிடுகிறது. வழவழப்பான நிலாஸிலிருந்து எச்.வி.யில் திரும்புவது மிகவும் சொற்பம். கருவியின் சொந்த இரைச்சல் அளவுக்கே அது இறங்கிவிடும். அப்புறம் படத்தில் தெரியும் பட்டைகள் ஐஸா, கருவியின் இரைச்சலா என்றே குழப்பம் வரும். சென்டினல்-1 படத்தில் எச்.வி.யைப் பயன்படுத்துபவர்கள் முதலில் இரைச்சலைக் கழிக்க வேண்டும். அதைச் செய்யாமல் போட்ட வண்ணப்படங்களை இணையத்தில் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

நைசார் வந்த பிறகு இது எளிதாகிவிடுமா?

கொஞ்சம். நைசாரில் இரண்டு ரேடார்கள். நாசா செய்த எல்-பேண்டின் அலைநீளம் சுமார் 24 செ.மீ., இஸ்ரோ செய்த எஸ்-பேண்ட் 10 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஓரிரு செ.மீ. உயர உறைபனிப் பூ 5.5 செ.மீ. அலைக்குப் பெரிய கரடு, 24 செ.மீ. அலைக்கு ஒன்றுமே இல்லை. ஆகவே சென்டினல்-1இன் சி-பேண்டில் வெளுத்து நைசாரின் எல்-பேண்டில் கருத்திருந்தால் பூ முளைத்த மெல்லிய ஐஸ் என்று ஊகிக்கலாம். ஒற்றை அலைநீளத்தில் இது முடியாது.

குறையும் உண்டு. நைசார் அதே பாதைக்கு 12 நாளுக்கு ஒருமுறைதான் திரும்பும். துருவத்தை நெருங்க நெருங்கப் பாதைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் இடைவெளி குறையும் என்றாலும், ஒரே இரவில் உறையும் கடலுக்கு இது போதாது. அது இடப்பக்கம் பார்த்தபடியே பறக்கிறது, அதனால் அண்டார்டிகாவுக்கு நல்ல பார்வை, வடதுருவத்தை ஒட்டிய பகுதி விட்டுப்போகிறது. ஆகவே பல செயற்கைக்கோள்களைக் கலந்துதான் ஓட்ட வேண்டும்: சென்டினல்-1, 2019-இல் ஏவப்பட்ட கனடாவின் மூன்று ராடார்சாட்கள், 2022 பிப்ரவரியில் நாம் ஏவிய இஓஎஸ்-04. 2021 டிசம்பரில் சென்டினல்-1பி பழுதாகி நின்றபோது, அதன் இடத்தை நிரப்ப 1சி 2024 டிசம்பரில்தான் போனது. அந்த மூன்று வருடப் படவரிசையில் உள்ள ஓட்டைகள் இன்னும் இந்த வேலையில் இருப்பவர்களைப் படுத்துகின்றன.

ஏஐ-யிடம் கொடுத்தால் அதுவே பிரித்துவிடாதா?

பிரிக்கிறது, பழைய ஐஸையும் திறந்த கடலையும் நன்றாகவே பிரிக்கிறது. புதிய ஐஸில் தடுமாறும். காரணம் கணினி இல்லை, பாடம். அதற்குப் பாடமாகக் கொடுப்பது பெரும்பாலும் கனடா, டென்மார்க் போன்ற நாடுகளின் ஐஸ் மையங்களில் வல்லுநர்கள் கையால் வரைந்த வரைபடங்களை. அவர்கள் ஒரு பெரிய பகுதியை வளைத்து 'இதற்குள் இவ்வளவு பங்கு புதிய ஐஸ்' என்று எழுதுவார்கள். எந்தப் புள்ளி என்று எழுத மாட்டார்கள். அந்த வல்லுநரும் நாம் மேலே பார்த்த அதே கருப்பைத்தான் பார்த்துக் குழம்பியிருப்பார்.

தடிமனையும் ரேடார் சொல்லுமா?

நேரடியாகச் சொல்லாது. 2009-இல் ஏவிய ஸ்மோஸ் என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள், எல்-பேண்டில் கடலின் சொந்த உமிழ்வை அளந்து அரை மீட்டர் வரையிலான மெல்லிய ஐஸின் தடிமனை மதிப்பிடுகிறது. ஆனால் அதன் ஒரு புள்ளி பல பத்துக் கி.மீ. அகலம். ரேடார் படத்தோடு சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள்.

இவ்வளவு மெல்லிய ஐஸால் யாருக்கு என்ன?

கப்பலுக்கு 5 செ.மீ. நிலாஸ் ஒரு தடையே இல்லை. ஆனால் அது எங்கே உருவாகிறது என்பது கடலுக்குப் பெரிய விஷயம்.

அண்டார்டிகக் கரையோரம் சில இடங்களில், நிலத்தின் பனிமேட்டிலிருந்து சரிந்து வரும் கடுங்காற்று புதிய ஐஸைக் கரையைவிட்டுத் தள்ளிக்கொண்டே இருக்கும். தள்ளிய இடத்தில் திறந்த நீர், அது மறுபடி உறையும், மறுபடி தள்ளும். இந்தத் திறப்புகளைப் பாலினியா என்பார்கள். ராஸ் கடலை ஒட்டிய டெர்ரா நோவா விரிகுடாவில் இதன் ரேடார் படத்தைப் பார்த்தால், ஃப்ரேசில் படிகங்கள் காற்றின் திசையில் நீள நீளக் கோடுகளாக அணிவகுத்து நிற்பது தெரியும். குளிர்காலம் முழுக்க ஓயாமல் ஐஸ் உருவாகிறது என்றால், ஓயாமல் உப்பும் வடிகிறது. உப்பு கூடிய கனத்த நீர் சரிவில் இறங்கி, உலகப் பெருங்கடல்களின் அடித்தளம் வரை பரவுகிறது.

நமது பாரதி நிலையம் இருப்பது பிரிட்ஸ் விரிகுடாக் கரையில். அதற்கு மேற்கே உள்ள டார்ன்லி முனைப் பாலினியாவிலிருந்தும் இந்த அடிக்கடல் நீர் பிறக்கிறது என்று 2013-இல்தான் உறுதியானது. அந்த ஆய்வில் யானைச் சீல் என்ற கடல்விலங்குகளின் தலையில் கருவி ஒட்டியும் கடல்நீரை அளந்தார்கள். செயற்கைக்கோள் எட்டாத ஆழத்துக்கு அவை போய் வந்தன.

ஐஸின் மொத்தப் பரப்பும் நிலையாக இல்லை. அண்டார்டிகாவில் 2023 செப்டம்பரில் உச்சப் பரப்பே சுமார் 1 கோடியே 70 லட்சம் சதுர கி.மீ.தான், அதுவரை பதிவான உச்சங்களில் மிகக் குறைவானது. இலையுதிர்காலத்தில் ஐஸ் எங்கே, எப்போது தொடங்கியது என்று தெரியாமல் இதற்குக் காரணம் தேட முடியாது.

வீட்டிலிருந்தே இந்தப் படங்களைப் பார்க்க முடியுமா?

தாராளமாக. சென்டினல்-1 படங்கள் ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் தளத்தில் இலவசம். ஸ்நாப் என்ற மென்பொருளும் இலவசம். கோப்புகள் பெரியவை, மடிக்கணினியில் இடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

எடுத்தவுடன் துருவத்துக்குப் போக வேண்டாம். முதலில் தாமிரபரணிக் கரையைப் பாருங்கள், 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று. இங்கே எச்.எச். கிடைக்காது, செங்குத்தாக அனுப்பும் வி.வி., வி.எச். வகைதான் கிடைக்கும், பரவாயில்லை. எது குளம், எது வயல், எது கயத்தாறு காற்றாலை என்று உங்களுக்கே தெரியும் என்பதால் கண் சீக்கிரம் பழகும். காற்றாலைகள் வெள்ளைப் புள்ளிகளாக மின்னும். பிறகு சைபீரியாவுக்கு வடக்கே உள்ள லாப்டெவ் கடலை எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் மாதப் படங்களை நாள்வாரியாக அடுக்கி, அளவீடு சரிசெய்து, எச்.வி.யில் இரைச்சலைக் கழித்து, எல்லாவற்றுக்கும் ஒரே கருப்பு–வெளுப்பு அளவுகோலை வையுங்கள். மென்பொருள் ஒவ்வொரு படத்துக்கும் தானாக வைக்கும் அளவுகோலை நம்பினால், மாறியது ஐஸா அளவுகோலா என்று தெரியாமல் போகும்.

இதைப் படிக்க எங்கே போகலாம்? இயற்பியல் கட்டாயமா?

இயற்பியல், கணிதம், புவியியல், கணினி என எதிலிருந்தும் வரலாம். அலைகள் பற்றிய பாடத்தை மட்டும் மனப்பாடம் செய்து தாண்டாமல் புரிந்து படியுங்கள். டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இலவச இணையவழிப் பாடங்கள் நடத்துகிறது, கல்லூரியில் படித்துக்கொண்டே சேரலாம். துருவ ஆய்வுக்குக் கோவாவில் தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் இருக்கிறது. ரேடார் கருவிகளையும் அவற்றின் பயன்பாட்டையும் அகமதாபாத்தில் உள்ள இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் கவனிக்கிறது. விண்ணப்பிக்கும்போது லாப்டெவ் கடலின் படவரிசை ஒன்றை நீங்களே செய்து, எந்தத் திட்டை ஏன் ஐஸ் என்று சொன்னீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி இணையுங்கள். மதிப்பெண் பட்டியலைவிட அதைப் பற்றித்தான் உங்களிடம் நிறையக் கேட்பார்கள்.